மூன்று கால்களில் ஒரே விரிசல்

சாமல்பட்டி மணிவேல் மகள் சௌமியாவுக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது விரிசல். சுவரில், தட்டில், விடுதிக் குளியலறை வாளியில், எங்கே விரிசல் விழுந்தாலும் முதலில் அவள் கண்ணுக்குத்தான் தெரியும். இது பிறவிக் குணமல்ல, சம்பளத்தோடு வந்த குணம். ஓசூரில் வண்டிகளுக்கு இரும்பு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கடைசிப் பரிசோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை.

அது ஓர் இருட்டு அறை. அதற்குள் ஒரு ஸ்டூல், ஓர் ஊதா விளக்கு, சௌமியா. வரும் ஒவ்வொரு இரும்புத் துண்டுக்கும் காந்தம் ஏற்றி, மேலே ஒரு திரவத்தை ஊற்றி, விளக்கைக் காட்டுவாள். வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத விரிசல் அப்போது பச்சைக் கோடாக மின்னும். மின்னினால் துண்டு சிவப்புப் பெட்டிக்குப் போகும். மின்னாவிட்டால் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்து வழியனுப்புவாள். சிவப்புப் பெட்டி நிறைய நிறைய உற்பத்திப் பிரிவு ஆண்களின் முகம் வாடும். அவர்கள் அவளுக்கு 'ரிஜெக்ட் ராணி' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். அவளும் மறுக்கவில்லை. பட்டத்தின் பின்பாதி அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்பேர்ப்பட்டவள் தன் சொந்தக் காலில் விழுந்த விரிசலை ஏழு வாரம் கவனிக்காமல் அதன் மேலேயே ஓடினாள். வரலாறு என்றால் இந்த மாதிரி விஷயங்களையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவளுக்கு வயது இருபதும் சில மாதங்களும். ராணுவத்தின் மகளிர் காவல் பிரிவுக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். ஜனவரிக் கடைசியில் உடல் தகுதித் தேர்வு. ஆயிரத்து அறுநூறு மீட்டரை எட்டு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அதனால் அந்த எட்டு நிமிடம்தான் அவளுடைய முதல் வாய்ப்பு, அதுவேதான் கடைசி வாய்ப்பு.

ஏன் ராணுவம் என்று விடுதியில் கேட்டவர்களுக்கு அவள் தேசபக்தியில் ஆரம்பிக்கவில்லை. தொழிற்சாலையில் பயிற்சி ஒப்பந்தம் மூன்று வருடம், ராணுவத்தில் நான்கு வருடம், ஆக ஒரு வருடம் கூடுதல் என்றாள். அதோடு அங்கே வேலை வெளிச்சத்தில் நடக்கும் என்றாள். இரண்டும் யோசித்துச் சொன்ன காரணங்கள்.

ஓட்டம் அவளுக்குப் புதிதல்ல. பாலிடெக்னிக் படித்த காலம் முழுக்க, காலை ரயிலைப் பிடிக்க வீட்டிலிருந்து சாமல்பட்டி ஸ்டேஷன் வரை வரப்பிலும் மண் பாதையிலும் ஓடியவள். ரயில் தாமதமான நாளில் அவள் சரியான நேரத்துக்கு வருவாள், ரயில் சரியாக வந்த நாளில் அவள் தாமதமாக வருவாள். ஆனால் ஒரு நாளும் அதை விட்டதில்லை.

இந்தத் திறமையைப் பட்டை தீட்ட அவள் சேர்ந்த இடம் 'வீரமுரசு ராணுவ, போலீஸ் பயிற்சி மையம்'. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு காலி மனை, ஒரு தகரக் கொட்டகை, ஓர் எடை மெஷின், ஒரு கரும்பலகை. அவ்வளவுதான் மையம். நடத்துபவர் தீர்த்தகிரி. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பிரிவில் என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய மீசை அந்தக் கேள்விக்கு இடம் வைக்கவில்லை. கொட்டகைச் சுவரில் 'ஓய்வு எதிரிக்குச் செய்யும் உதவி' என்று சிவப்பு பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார்.

அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் இருபத்திரண்டு பெண்கள், எல்லாரும் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். இதிலிருந்துதான் தீர்த்தகிரியின் தலைசிறந்த கண்டுபிடிப்பு பிறந்தது. கம்பெனிப் பெண் என்றால் அவளிடம் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ இருக்கும். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்து, பாறாங்கல்லுக்குத் தோல் போர்த்தியதுபோல் கனக்கும் வஸ்து. அதைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால், தேர்வு நாளில் சாதாரண ஷூவில் கால் காற்றாகப் பறக்கும் என்பது அவருடைய சித்தாந்தம். மழையில் காலி மனை சேறாகிவிட்டபடியால் ஓட்டம் சிமென்ட் ரோட்டுக்கு மாறியது. முதல் வாரம் இரண்டு கிலோமீட்டர், மூன்றாவது வாரம் எட்டு. நடுவில் இருந்த எண்களை அவர் நேர விரயமாகக் கருதினார்.

திங்கட்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். எடை குறைந்தவளுக்குக் கைதட்டல். நாற்பத்தேழு கிலோவில் சேர்ந்த சௌமியா நாற்பத்திரண்டுக்கு வந்தபோது கொட்டகையே அதிர்ந்தது. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த பெண், களி கனம் என்று ஊருக்குப் போனாலும் தொடாமல் விட்டாள். கேன்டீனில் இரண்டு இட்லி, இரவு கொஞ்சம் மோர் சாதம். வெயிலைப் பொறுத்தவரை, ஓட்டம் விடியுமுன், வேலை இருட்டறையில், உறக்கம் திரை போட்ட விடுதியில். வருடத்தில் முக்கால்வாசி நாள் வெயில் அடிக்கும் ஜில்லாவில் வெயிலைச் சந்திக்காமலே ஒரு பெண் நாலு மாதம் வாழ முடியும் என்று நிரூபித்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே கரும்பலகை. அதில் ஒவ்வொரு பெண்ணின் பேருக்கும் எதிரே விடுப்புக் கட்டங்கள். மாதவிலக்கை விடுதிப் பெண்கள் 'டேட்' என்பார்கள். டேட் என்று ஒரு நாள் லீவு போட்டால் கட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. மாதம் முழுக்கப் புள்ளி இல்லாதவளுக்குப் பேருக்கு மேலே வெள்ளைச் சாக்பீஸில் நட்சத்திரம். சௌமியா பேருக்கு மேலே நாலு நட்சத்திரம் இருந்தது. நாலு மாதமாக அவளுக்கு டேட் வரவில்லை. இதை அவள் உட்பட எல்லாரும் ஒழுக்கம் என்று நினைத்தார்கள்.

வலி இடது காலில் வந்தது. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் உள்பக்கம், ஐந்து ரூபாய் நாணயம் அகலத்தில் ஒரே இடம். முதலில் ஓடி முடித்த பிறகு வலித்தது. பிறகு ஓட ஆரம்பித்ததும் வலித்தது. பிறகு விடுதிப் படிக்கட்டில் வலித்தது. அவள் தைலம் தேய்த்தாள், துணி கட்டினாள், பல்லைக் கடித்தாள். தீர்த்தகிரி, ரோடு தேயும்போது கால் தேயாதா என்று தத்துவம் சொன்னார். விடாப்பிடி என்றால் வலியை விடாமல் பிடித்துக்கொள்வது என்று அவள் புரிந்துகொண்டாள். ஏழு நிமிடம் நாற்பது விநாடியில் ஓடிக்கொண்டிருந்ததால் அதை யாரும் மறுக்கவும் முடியவில்லை.

அறைத்தோழி அதியா சிங்காரப்பேட்டைக்காரி, கம்பெனியிலும் மையத்திலும் கூடவே இருப்பவள். பத்தொன்பது வயது, வாய் மட்டும் முப்பது. ஒரு நாள் காலையில் அவள் எழுந்து காலை ஊன்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள். அவளுக்கும் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, உள்பக்கம். அடுத்த வாரம் அதே மையத்தில் ஓடிய மத்தூர் பிரியதர்ஷினி நொண்டிக்கொண்டே பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். அவளுக்கும் அதே இடம். பெண்களின் எலும்பே அந்த வாகுதான் என்று தீர்த்தகிரி தீர்ப்பு வழங்கினார். மூன்றாவது முறையும் சௌமியாவுக்கு ஒன்றும் மின்னவில்லை. ஊதா விளக்கு கையில் இருந்தால்தானே மின்னும்.

அக்டோபர் நடுவில் ஒரு மதியம், ஊதா விளக்குக்குக் கீழே ஒரு துண்டு மின்னியது. எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டாள். அடுத்ததும் மின்னியது. அதற்கடுத்ததும். மூன்றிலும் விரிசல் ஒரே இடத்தில், வளைவு தொடங்கும் ஓரத்தில். தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர் மாதேஷைக் கூப்பிட்டாள். மாதேஷ் ஓசூரிலேயே பிறந்தவர். சின்னக் கோபம் என்றால் கன்னடத்திலும் பெரிய கோபம் என்றால் தெலுங்கிலும் பேசுவார். தமிழில் பேசினால் யோசிக்கிறார் என்று அர்த்தம். மூன்று துண்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார்.

"ஒண்ணு ஒடஞ்சா பீஸ் மேல தப்பு. மூணு ஒரே எடத்துல ஒடஞ்சா பீஸை திட்டக்கூடாதும்மா, ப்ராசஸைத்தான் திட்டணும். சும்மா ரிஜெக்ட் போட்டுக்கினே இருந்தா நாளைக்கும் இதேதான் வரும். ஏன்னு கேளு. பதில் வந்தா அதுக்கும் ஏன்னு கேளு. அஞ்சு தடவ கேட்டா அடி வேர் வந்துரும்."

அந்தத் தொழிற்சாலையில் இது வேதவாக்கு. கேன்டீனில் சாம்பார் தண்ணீராக இருந்தால்கூட ஐந்து தடவை ஏன் கேட்டு, அச்சடித்த படிவத்தில் எழுதி, மூன்று கையெழுத்து வாங்குவார்கள். சாம்பார் திருந்தியதில்லை என்பது வேறு விஷயம். சௌமியா இந்த வாசகத்தை நூறு தடவை கேட்டிருக்கிறாள். நூற்றொன்றாவது தடவை கேட்டபோது, வலி தாங்காமல் இடது காலைத் தூக்கி ஸ்டூல் கம்பியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

மூன்று பெண்கள். மூன்று கால்கள். ஒரே இடம்.

மறுநாள் இ.எஸ்.ஐ. அட்டையோடு எலும்பு டாக்டரம்மாவிடம் போனாள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. அதோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போவதுதான் மனித இயல்பு. சௌமியா போகவில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியாதது இல்லாமல் போய்விடாது என்பதைச் சம்பளம் வாங்கிக் கற்றவள். இருட்டு ரூமில் வைத்துப் பார்க்கிற மாதிரி வேறு டெஸ்ட் இல்லையா மேடம் என்று கேட்டாள். எம்.ஆர்.ஐ. எடுக்கத்தான் எழுதிக்கொண்டிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். நோயாளி கேட்டு எழுதுவது இதுதான் முதல் தடவையாம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் கோடு இருந்தது. எலும்பின் உள்பக்கம், மெல்லிய கோடு, அதைச் சுற்றி வெண்மை. பச்சையாக மின்னவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அவள் அதை ஒரு நிபுணரின் மரியாதையோடு பார்த்தாள். இதற்குப் பேர் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்றார் டாக்டரம்மா. ஒரே அடியில் உடைவதல்ல, சின்னச் சின்ன அடி ஆயிரம் தடவை விழுந்து உண்டாவது. ராணுவப் பயிற்சியில் பெண்களுக்கு அதிகம் வருமாம். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எவ்வளவு ஓடுகிறாய், எத்தனை வாரத்தில் அவ்வளவு கூட்டினாய், எங்கே ஓடுகிறாய், காலில் என்ன போடுகிறாய், என்ன சாப்பிடுகிறாய், வெயிலில் எப்போது நிற்பாய். ஒவ்வொரு பதிலுக்கும் பேனா வேகமாக ஓடியது.

"டேட் ஒழுங்கா வருதாம்மா?"

"நாலு மாசமா வரல மேடம். அதுக்கு நாலு ஸ்டார் வாங்கிருக்கன்."

பேனா நின்றது. ஸ்டார் என்றால் என்ன என்று டாக்டரம்மா கேட்டார், அவள் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"கரண்ட் பத்தாத பேக்டரிய நெனச்சுக்கோ. எந்த மெஷின நிறுத்தலாம்னுதான் மொதல்ல பாப்பாங்க. நீ சாப்பிடறதவிட அதிகமா ஓடுற. ஒடம்பு மொதல்ல டேட்டை நிறுத்திருச்சு. அடுத்தது எலும்பு ரிப்பேர் செக்‌ஷன். ராத்திரில தானா சரி பண்ணிக்கிற எலும்பு, ஆள் இல்லாம கெடக்குது. நீ காலையில போயி அது மேலயே சேஃப்டி ஷூவ போட்டு குதிக்கிற."

எட்டு வாரம் ஓடக் கூடாது என்றார். தேர்வுக்கு மிச்சம் பதினாலு வாரம். மீறி ஓடினால் கோடு முழுசாகப் பிளக்கும், அப்புறம் ராணுவம் இருக்கட்டும், ரயிலுக்குக்கூட ஓட முடியாது என்றார்.

சௌமியா வெளியே வந்து ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் அழுதாள். கணக்காகப் பத்து. ஷிப்ட் இருந்தது.

அன்று உணவு இடைவேளையில் மாதேஷிடம் போய் ஒரு காலிப் படிவம் கேட்டாள். எந்தப் பாகத்துக்கு என்று அவர் கேட்க, காலைக் காட்டினாள். அவர் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் போகாமல் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். சௌமியா முறைப்படி நிரப்பினாள். பாகத்தின் பெயர்: இடது கீழ்க்கால் எலும்பு. பழுதின் தன்மை: விரிசல். மாற்றுப் பாகம்: கையிருப்பில் இல்லை. விரிசல் ஏன், தாங்குவதைவிட அதிக அடி. ஏன், பதினைந்தே நாளில் நாலு மடங்கு தூரம், கனமான ஷூ, சிமென்ட் ரோடு. அடி பட்டாலும் எலும்பு ஏன் ஆறவில்லை, ஓய்வில்லை, தீனியில்லை, வெயிலில்லை, டேட் நின்றது. நின்றும் ஏன் யாரும் கவனிக்கவில்லை, அதற்கு நட்சத்திரம் கொடுத்தோம். ஏன் கொடுத்தோம் என்ற ஐந்தாவது கட்டத்தில் பேனாவை வைத்து வெகுநேரம் யோசித்தாள். பிறகு 'கேட்கக் கூச்சம்' என்று எழுதினாள்.

அந்தத் தாளை மையத்தின் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். தீர்த்தகிரி அதை இரண்டு தடவை படித்தார். மீசை அசைந்தது. பத்தொன்பது பெண்கள் ஷூ மாட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பொம்பளப் புள்ளைங்க எலும்பே கொஞ்சம் இளசு. அதுக்கு நான் என்னா பண்ண முடியும்?"

"எலும்பு மேல தப்புன்னா ஆளுக்கொரு எடத்துல ஒடஞ்சிருக்கும் சார். மூணு பேருக்கும் ஒரே எடம்."

"நாங்க எல்லாம் அந்தக் காலத்துல இத்தவிட கனமா போட்டுக்கினு ஓடினவங்க."

"எந்த யூனிட்ல ஓடினீங்க சார்?"

மையத்தின் வரலாற்றில் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் குத்தலாகக் கேட்கவில்லை, பதில் வந்தால் அதற்கும் ஒரு ஏன் கேட்கலாம் என்றுதான் கேட்டாள். தீர்த்தகிரி கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தார். அவளும் பின்னாலேயே நொண்டிப் போனாள்.

"ஓடல பாப்பா," என்றார் மெதுவாக. "ஸ்டோர்ல இருந்தன். பூட்ஸ் ஸ்டோரு. பதினேழு வருசமும் வந்தவங்களுக்கெல்லாம் பூட்ஸ் எடுத்துக் குடுத்தன்."

"அப்போ ஷூவப் பத்தி எங்களுக்கு ஏன் சார் ஒண்ணுமே சொல்லல?"

"பூட்ஸ் ஸ்டோர்ல இருந்தன்னு சொன்னா எவ என்னை சார்னு கூப்புடுவா?"

சௌமியா சிரிக்கவில்லை. எந்த ஷூ வாங்கலாம் சார் என்று கேட்டாள். 'சார்' இருந்த இடத்திலேயே இருப்பதைத் தீர்த்தகிரி கவனித்தார். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. காலைக் காலையில் அளக்கக் கூடாது, சாயங்காலம் வீங்கியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். இரண்டு பாதமும் ஒரே அளவு இருக்காது, பெரியதுக்குத்தான் எடுக்க வேண்டும். நீள விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகாலில் ஆடக் கூடாது. ஆண்களுக்குச் செய்த ஷூவில் நம்பரைக் குறைத்துக் கொடுத்தால் பெண் காலுக்குச் சரியாகிவிடும் என்று நினைப்பவன் ஸ்டோர்காரனே இல்லை. புது பூட்ஸை முதல் நாளே ஓட்டத்துக்குப் போடுவது, தாலி கட்டிய கையோடு மாமியாரை எதிர்த்துப் பேசுவது மாதிரி. பதினேழு வருட ஞானம் ஒரு மணி நேரம் கொட்டியது. மறுநாளே பழைய நோட்டு அட்டையில் பாத அளவு எடுக்கும் பலகை ஒன்று செய்து, பெண்களை வரிசையில் நிறுத்திவிட்டார். சேஃப்டி ஷூ சித்தாந்தம் சத்தமில்லாமல் காலமானது. சுவர் வாசகத்தில் 'எதிரிக்கு' மேல் சுண்ணாம்பு பூசப்பட்டது. மிச்சம் 'ஓய்வு செய்யும் உதவி' என்று நின்றது. அதற்கு மேல் பெயின்ட் செலவு செய்ய அவர் விரும்பவில்லை.

அடுத்த எட்டு வாரம் சௌமியா ஓடாமல் இருந்தாள். இதை எழுத ஒரு வரி போதும், செய்ய அவளுக்கு உடம்பில் இருந்த வைராக்கியம் மொத்தமும் தேவைப்பட்டது. ஓடுகிறவளுக்கு வலியைத் தாங்குவது சுலபம், சும்மா இருப்பதுதான் தண்டனை. முதல் வேலையாக இடது ஷூவை மட்டும் அதியாவின் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். ஆறாவது வாரம், வலி சுத்தமாக நின்றிருந்த ஒரு விடிகாலையில், மற்றவர்கள் கிளம்பும் சத்தம் கேட்டு எழுந்தாள். வலது ஷூவைப் போட்டு நாடாவையும் இறுக்கிவிட்டு, பெட்டிச் சாவிக்காக அதியாவின் தலையணைக்குக் கீழே கைவிட்டாள்.

அதியா கண்ணைத் திறக்கவில்லை. "ஒத்த ஷூவோட ராணுவத்துல எடுக்கறாங்களான்னு கேட்டுட்டு வாக்கா, அப்புறம் சாவி தரன்."

சௌமியா வலது ஷூவைக் கழற்றினாள். அன்றைக்கு அவள் செய்த மிகப் பெரிய வீரச்செயல் அதுதான். யாரும் கைதட்டவில்லை.

உணவு இடைவேளையில் பழைய இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில், பேன்ட்டை முழங்கால் வரை மடித்து, சட்டைக் கையைச் சுருட்டி, வெயிலில் உட்கார்ந்தாள். உற்பத்திப் பிரிவு, வடகம் காயுது, காக்கா வராம பாத்துக்கங்கப்பா என்றது. ஒரு வாரத்தில் அதியாவும் வந்து உட்கார்ந்தாள். ஊரிலிருந்து அம்மா சரோஜம்மாள் கேழ்வரகு மாவை ரயிலேறும் பெண்களிடம் கொடுத்து அனுப்பினாள். கால் உடைந்த கதையை மகள் போனில் விளக்கி முடித்ததும் அந்தத் தாய் கேட்டது ஒன்றுதான், களிய உட்டுட்டியா என்று. விடுதியில் அடுப்பு கூடாது என்பதால், கேன்டீன் மாஸ்டரிடம் பேசி, அவர் பாத்திரத்திலேயே இரண்டு வேளை களி. கூட கீரைக் கடைசல், முட்டை, தயிர். திங்கட்கிழமை எடை பார்க்கும்போது முள் மேலே போனது. கொட்டகையில் பழக்க தோஷத்தில் யாரும் கைதட்டவில்லை. பிறகு தீர்த்தகிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு தட்டினார்.

டிசம்பர் நடுவில் டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்துவிட்டு, மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றார். ஏரிக்கரை மண் பாதையில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். ரயிலோடு பந்தயம் ஓடியவளை, அந்தக் காலையில் நாய்க்குட்டி ஒன்று முந்திப் போனது. முதல் தடவை முழுத் தூரம் ஓடியபோது ஒன்பது நிமிடம் இருபது விநாடி. அடுத்த வாரம் எட்டு நாற்பத்தைந்து.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் அவள் ஓட வரவில்லை. உடை மாற்றிக்கொண்டு, மையத்துக்கு மட்டும் நடந்து வந்தாள். எல்லாரும் பார்க்கக் கரும்பலகைக்குப் போய், நாலு நட்சத்திரத்தையும் உள்ளங்கையால் அழித்தாள். பிறகு விடுப்புக் கட்டத்தில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள். சின்னதாக வைக்கவில்லை, குங்குமப் பொட்டு அளவுக்கு வைத்தாள். தீர்த்தகிரி அவசரமாக ஆகாயத்தைப் பார்த்தார். அதியா தொடையில் தட்டிச் சிரித்தாள். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொன்னாள். தனக்கும் மூன்று மாதமாக வரவில்லை என்றாள். இன்னொருத்திக்கு ஐந்து. அன்று மையத்தில் ஓட்டம் நடக்கவில்லை. டாக்டரம்மாவின் ஓ.பி. வரிசைதான் நீண்டது.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுடைய நேரம் எட்டு நிமிடம் ஆறு விநாடி. ஆறு விநாடி. தீர்த்தகிரிக்குப் பழைய வியாதி திரும்பியது. தினமும் இரண்டு வேளை ஓடினால் பிடித்துவிடலாம் என்றார். அவளுக்கும் அந்த ஆசை தொண்டைக்குழி வரை வந்தது. ஆனால் பதிமூன்று வாரத்தில் அவளுக்கு ஒன்று விளங்கியிருந்தது. எலும்பு வேலை பார்ப்பது அவள் தூங்கும்போது.

"ஆறு செகண்டு ரோட்ல இல்ல சார்," என்றாள். "படுக்கையிலதான் இருக்குது."

கடைசி நாலு நாளில் ஒரே ஒரு நாள் ஓடினாள். மற்ற நாளெல்லாம் களி தின்று, வெயில் காய்ந்து, ஒன்பது மணி நேரம் தூங்கினாள். தீர்த்தகிரிதான் தூங்கவில்லை.

தேர்வு நாளன்று மைதானத்து வாசலில் அதியா அவளை நிறுத்தி, கீழே உட்கார்ந்து, பேன்ட் ஓரத்தைத் தூக்கி, தொழிற்சாலைப் பெயின்ட் பேனாவால் இடது கால் எலும்பின் மேல் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தாள். மாதேஷ் கொடுத்தனுப்பியதாம். சௌமியா ஓடினாள். முதல் சுற்றில் பதினெட்டாவது ஆள். அவசரப்படவில்லை. இரண்டாவது சுற்றில் பன்னிரண்டு. கடைசி நானூறு மீட்டரில் வலி வருகிறதா என்று ஒரு தடவை மட்டும் காலைக் கேட்டாள். பதில் இல்லை என்றதும், ரயில் சாமல்பட்டி பிளாட்பாரத்தை விட்டு நகர்கிற மாதிரி நினைத்துக்கொண்டு மீதித் தூரத்தை முடித்தாள். ஏழு நிமிடம் ஐம்பத்து மூன்று விநாடி.

மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் 'முன்பு எலும்பு முறிவு உண்டா' என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில் இருந்தவள் இல்லை என்று போடச் சொல்லிக் கிசுகிசுத்தாள். சௌமியா இரண்டு வருடமாகப் பிறருடைய விரிசலைப் பிடித்தவள், தன்னுடையதை ஒளித்தால் ஊதா விளக்குக்கே அவமானம். ஆம் என்று எழுதி, டாக்டரம்மாவின் சான்றிதழையும் கம்பெனிப் படிவத்தின் நகலையும் இணைத்தாள். அதிகாரி படிவத்தை நெடுநேரம் படித்தார். எலும்பை அழுத்தினார். மஞ்சள் பொட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இடது காலில் மட்டும் பத்து தடவை குதிக்கச் சொன்னார். அவர் போதும் என்றபோது அவள் பதினான்கில் இருந்தாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தகுதி என்று முத்திரை வைத்தார்.

பயிற்சி முகாமில் முதல் நாள். புதிதாக வந்த பெண்கள் வரிசையில் நிற்க, ஸ்டோர் ஜன்னலில் ஒருவர் ஆளைப் பார்த்து ஒரு ஜோடி, அடுத்த ஆளைப் பார்த்து ஒரு ஜோடி என்று பூட்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தார். சௌமியாவுக்கு வந்ததை அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து போட்டாள். எழுந்து நின்று, முன்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குதிகாலை ஆட்டினாள். உள்ளே கால் தனிக்குடித்தனம் நடத்தும் அளவுக்கு இடம் இருந்தது. சலேகா, சலேகா, இதுவே போதும் என்றார் ஸ்டோர்காரர்.

அவளுக்குத் தெரிந்த இந்தி மொத்தம் பதினோரு வார்த்தை. அதில் எதுவும் தேவைப்படவில்லை. பூட்ஸைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து, ஜன்னலுக்குள் திருப்பித் தள்ளினாள்.

"ரிஜெக்ட்," என்றாள். பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கட்டைவிரலை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.